கை அசைக்காத பயணி

"அண்ணி, நான் கரையிலேயே உக்காந்து கேஸை யோசிக்கிறேனே. என் மூளை தரையிலதான் நல்லா ஓடும்."

"தரையில ஓடி நான் பார்த்ததில்லையே. ஜாக்கெட்டை மாட்டு."

பட்டாசு என்று எல்லோரும் கூப்பிடும் அந்தக் கொழுந்தன், ஆரஞ்சு நிற உயிர்காப்பு ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டான். அவனைப் போல் இரண்டு மடங்கு பருமனான யாருக்கோ தைத்தது அது. வாரை எவ்வளவு இழுத்துக் கட்டியும் தோளை விட்டு மேலேறிக் காதுகளை நெருக்கியது. வாயைத்தான் அடைக்கவில்லை.

"அண்ணனைக் கூட்டிட்டு வந்திருக்கலாம். அவர் மிதப்பார்."

அண்ணி பதில் சொல்லவில்லை. பட்டாசின் அண்ணனைக் கட்டிக்கொள்வதற்கு முன்பிருந்தே அவள் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கோரிக்கைகளை மோப்பம் பிடிக்கும் வேலையில் இருந்தவள். எரியாத கடைக்கு நஷ்டஈடு கேட்டவர்களும், சாகாத மாமனாருக்கு இறப்புச் சான்றிதழ் வாங்கியவர்களும் அவள் மேஜைக்கு முன்னால் வேர்த்து வடிந்திருக்கிறார்கள். இப்போது சலவைக் கடைக்கு மேல்மாடியில் சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் வைத்திருக்கிறாள். ஒத்தாசைக்குக் கொழுந்தன்.

அவள் பேசாமல் இருக்கிறாள் என்றால் மனதில் ஏதோ உறுத்துகிறது என்று பட்டாசுக்குத் தெரியும். காலையில் வந்த தையல்காரியின் முகம் அவனுக்கும் உறுத்திக்கொண்டுதான் இருந்தது.

ஆபீஸைத் திறக்கப் போனபோது அவள் மாடிப்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். அளவு நாடாவைக் கழுத்திலிருந்து கழற்றக்கூட மறந்து வந்திருந்தாள். கையில் ஒரு மாத்திரைப் பெட்டி.

"என் தம்பியைக் காணோம் மேடம். முந்தாநாள் மத்தியானம் கடலுக்குள்ள இருக்கிற கலங்கரை விளக்கம் பார்க்கப் போனான். கடிகாரம் ரிப்பேர் பண்றவன். அந்தக் காலத்துல விளக்கைச் சுத்த வெச்சது பெரிய கடிகாரம் மாதிரி ஒரு மிஷினாம். அது இன்னும் மேல இருக்காம். பார்த்தே ஆகணும்னு ஒத்தைக்கால்ல நின்னான். என் வீட்டுக்காரர்தான் கூட்டிட்டுப் போனார்."

"அவர் என்ன சொல்றார்?"

"ஒண்ணாத்தான் திரும்பி வந்தோம், படகை விட்டு இறங்கினதும் 'நீங்க போங்க மாமா, பின்னாலயே வர்றேன்'னான், அப்புறம் ஆளைக் காணோம்ங்கிறார். பாவம், பொட்டுத் தூக்கம் இல்லை அவருக்கு. பஸ் கண்டக்டர் வேலை. லீவு போட்டுட்டு, விடிஞ்சா தேடக் கிளம்பிடுறார்."

"போலீஸ்?"

"வளர்ந்த ஆம்பளை, போனை வீட்டுலயே விட்டுட்டு மாத்திரையை மட்டும் எடுத்துட்டுப் போயிருக்கான், அப்ப வேணும்னேதான் போயிருக்கான், தானா வருவான்ங்கிறாங்க." அவள் பெட்டியை ஆட்டினாள். சத்தம் வரவில்லை. "அவனுக்கு வலிப்பு வரும் மேடம். ஒரு வேளை மாத்திரை தப்பினாக்கூட ஆபத்து. ஆனா அவன் காணாமப் போன அன்னிக்கு ராத்திரி இந்தப் பெட்டி நிறைய மாத்திரை இருந்துச்சு. என் கண்ணால பார்த்தேன். மறுநாள் காலையிலதான் காலி. இதைச் சொன்னா, பதட்டத்துல மாத்திச் சொல்றீங்கம்மான்னு அனுப்பிட்டாங்க."

"ராத்திரியே வந்து எடுத்துட்டுப் போயிருப்பாரு" என்றான் பட்டாசு.

"என்னை எழுப்பாமலா? என் தம்பியா?" என்று அவள் திருப்பிக் கேட்டாள்.

அவள் போன பிறகு, "தையல்காரிக்கே துணி பத்தலை போல. கையை வேற துணியில ஒட்டுப் போட்டு நீட்டியிருக்காங்க, பார்த்தீங்களா அண்ணி?" என்றான். பச்சை உடுப்பு, முழங்கைக்குக் கீழே மட்டும் வேறொரு பச்சை.

"பார்த்தேன். ஊருக்கெல்லாம் அளவெடுத்துத் தைக்கிறவ, இந்த வெக்கையில தன் கையை மட்டும் மணிக்கட்டு வரைக்கும் மூடி வெச்சிருக்கா" என்றாள் அண்ணி. குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டாள்.

படகுத்துறையில் டிக்கெட் கொடுப்பவர் சுவரில் வரிசையாக அடித்த ஆணிகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். ஆணிக்கு ஒரு ஜாக்கெட். அண்ணி கேட்ட கேள்வி அவருக்கு ரோஷத்தைக் கிளப்பிவிட்டது.

"முந்தாநாள் போன ஜாக்கெட் அத்தனையும் திரும்பி வந்துச்சு மேடம். நானே ஒவ்வொண்ணா எண்ணி மாட்டினேன். ஒண்ணு குறைஞ்சாலும் என் தலையில இல்ல விடியும்!"

"நான் ஆளைக் கேட்டேன்."

"ஜாக்கெட் வந்தா ஆள் வந்த மாதிரிதானே? அது தனியாவா நடந்து வரும்?"

"எங்க வீட்டுல வரும்" என்றான் பட்டாசு. "எங்கண்ணன் சட்டை தனியா சோபாவுல உக்காந்து டிவி பார்க்கும்."

அண்ணி சிரிக்கவில்லை. "ஒருத்தரே ரெண்டு ஜாக்கெட் கொண்டாந்து கொடுத்தா வாங்கிக்குவீங்களா?"

"குடும்பமா வர்றவங்க அப்படித்தான் சுருட்டிக் கொண்டாந்து போடுவாங்க. விளக்குக் கோபுரத்துல படிக்கட்டு ரொம்பக் குறுகல். ஜாக்கெட்டோட ஏற முடியாது. கீழேயே கழட்டிக் குவிச்சுட்டு ஏறுவாங்க, இறங்கி வந்து கைக்குக் கெடைச்சதைத் தூக்கிட்டு வருவாங்க. எண்ணிக்கை சரியா இருந்தாச் சரிம்மா." அவர் டிக்கெட்டைக் கிழித்து நீட்டினார். "இப்பவே சொல்லிடுறேன், பாறையில இறங்க முடியாது. முந்தாநாள் மத்தியான ட்ரிப்தான் கடைசியா இறங்கினது. அன்னிக்குச் சாயந்தரமே கடல் பொங்கிடுச்சு. இப்பல்லாம் தூர நின்னு சுத்திக் காட்டிட்டுத் திரும்பிடுவாங்க."

இப்படித்தான் பட்டாசு அந்தப் படகில் ஏறினான்.

அலை இன்னும் அடங்கவில்லை. படகு ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் காலையில் சாப்பிட்டதெல்லாம் தொண்டைவரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. அவனுக்கு முன்னால் புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடி, கேமராவும் கையுமாக ஒருவர், இரண்டு பிள்ளைகளோடு ஒரு குடும்பம். பின் பெஞ்சில் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு தனி ஆள். இடத்தைப் பற்றிச் சொல்லிக் காட்டும் விளக்கக்காரர் முன்னால் நின்று மைக்கைத் தட்டித் தட்டிப் பேசினார். ஓரத்தில் கயிற்றுச் சுருளின் மேல் உட்கார்ந்திருந்த, படகைக் கட்டும் கயிற்றுக்காரன், நூறு தடவை கேட்ட பேச்சு என்பதால் கொட்டாவி விட்டான்.

கடலுக்குள்ளிருந்து யாரோ முஷ்டியை உயர்த்தியது போல அந்தப் பாறை எழுந்து நின்றது. அதன் மேல் சாம்பல் நிறக் கல் கோபுரம். அடியில் ஓர் இரும்புக் கதவு. அதிலிருந்து துரு கண்ணீர் மாதிரி கல்லில் வழிந்து காய்ந்திருந்தது. உச்சியில் கண்ணாடி அறை. அதைச் சுற்றி ஓர் ஆள் நடக்கும் அகலத்தில், கம்பி வேலி போட்ட ஒரு நடை.

"இந்தக் கல்லையெல்லாம் கரையிலேயே செதுக்கி, பல்லும் பல்லும் கடிச்ச மாதிரி ஒண்ணுக்குள்ள ஒண்ணு மாட்டிக் கட்டியிருக்காங்க!" என்றார் விளக்கக்காரர். "அதனாலதான் எத்தனை புயல் வந்தும் அசையலை. மேல இருக்கிற லென்ஸ் ஒரு ஆளைவிட உயரம். பகல்ல வெயில் அதுமேல பட்டா பூதக்கண்ணாடி மாதிரி குவிஞ்சு தீயே பிடிச்சுடும். அதனால பகல் பூரா உள்ளே வெள்ளைத் திரையை இழுத்து மூடியே வெச்சிருப்பாங்க."

பட்டாசு கண்ணைச் சுருக்கி மேலே பார்த்தான். "மூடி வெச்சிருக்காங்களாம். பளபளன்னு கண்ணு கூசுது. திரையைத் தூக்கிட்டாங்க, படம் ஆரம்பிச்சுட்டாங்க போல."

அண்ணி சட்டென்று திரும்பி அவனைப் பார்த்தாள். அவன் நகைச்சுவைக்கு இப்படி ஒரு மரியாதை கிடைத்ததே இல்லை.

அதற்குள் விளக்கக்காரரின் குரல் உச்சத்துக்குப் போனது. "அதோ, அதோ! மேல பாருங்க! விளக்குக் காவல்காரர்! வெள்ளைத் துணியைக் காட்டி நம்மளையெல்லாம் வரவேற்கிறார்! எல்லாரும் கை ஆட்டுங்க பார்ப்போம்!"

நடையில் ஒரு மெலிந்த உருவம். நீண்ட வெள்ளைத் துணி ஒன்றைத் தலைக்கு மேல் வீசிக்கொண்டிருந்தது. படகு முழுவதும் கைகள் எழுந்தன. பிள்ளைகள் பெஞ்சின் மேல் ஏறிக் குதித்தன. பட்டாசும் இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டி, "வணக்கம் தலைவரே! மேல காத்து நல்லா வருதா?" என்று கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். மேலே துணி இன்னும் வேகமாக ஆடியது. உருவம் கம்பியின் மேல் வயிறு பதிய வளைந்தது.

"எவ்வளவு பாசமான மனுஷர்" என்றாள் புதுப்பெண்.

பட்டாசு அண்ணியைப் பார்த்தான். அவள் கோபுரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணி, காட்சி அந்தப் பக்கம்."

"அதான் எல்லாரும் அங்க பார்க்கிறாங்களே. நான் இந்தப் பக்கம் பார்க்கிறேன்."

படகு வளைந்து பாறையின் பின்புறம் போனது. கோபுரம் உருவத்தை மறைத்தது. அண்ணி எழுந்து, பெஞ்சு பெஞ்சாகப் பிடித்துக்கொண்டு விளக்கக்காரரிடம் போனாள். பட்டாசு தள்ளாடிக்கொண்டே பின்னால் போனான்.

"அந்தக் காவல்காரர் எத்தனை வருஷமா இருக்கார்?"

விளக்கக்காரர் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தார். "காவல்காரர் வேலையை எடுத்து எவ்வளவோ காலமாச்சு மேடம். விளக்கு தானா எரியுது. ஒரு சுவாரசியத்துக்குச் சொல்றதுதான். ரிப்பேருக்கு வந்த துறை ஆளா இருக்கும். நேத்துக் காலையிலேருந்து நின்னு கை ஆட்டுறார். ஜனங்களுக்குப் பிடிச்சுப்போச்சு, நானும் பேச்சுல சேர்த்துக்கிட்டேன்."

"எந்தப் படகுல வந்தார்?"

"எங்க படகுலதான் வந்தாகணும், வேற படகே..." அவர் பாதியில் நிறுத்தினார். பொத்தியிருந்த கை மைக்கிலிருந்து நழுவியது.

"நேத்துலேருந்து யாரும் இறங்க முடியாத பாறையில ஒருத்தர் நிக்கிறார்னா, அதுக்கு முன்னாடியே போனவர்" என்றாள் அண்ணி. அவள் குரல் ஒலிபெருக்கியில் படகு முழுக்கக் கேட்டது. "உள்ளே இருந்த திரையைக் கிழிச்சு வீசுறார். அவர் நம்மளை வரவேற்கலைங்க. காப்பாத்தச் சொல்லிக் கூப்பிடுறார்."

சிரிப்பு அப்படியே அறுந்தது. கேமராக்காரர் தன் கையிலிருந்ததை ஏதோ திருடிய பொருளைப் போல மடியில் வைத்து மூடினார்.

பட்டாசு தன் கைகளைப் பார்த்தான். நேற்றுக் காலையிலிருந்து எத்தனை படகு போயிருக்கும்! ஒவ்வொன்றிலும் பெஞ்சு நிறைய ஜனம், சிரித்துச் சிரித்துக் கை ஆட்டிவிட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பியிருக்கிறது. மேலே இருப்பவன் என்ன நினைத்திருப்பான்? காற்று நல்லா வருதா என்று கேட்டவன் இவன் ஒருவனாகத்தான் இருக்கும்.

"அண்ணி, அது தையல்காரம்மா தம்பிதானா?"

"அவன்தான். ஆனா எப்படி மாட்டினான்?" அவள் கயிற்றுக்காரன் பக்கம் திரும்பினாள். "தம்பி, முந்தாநாள் கடைசியா கோபுரக் கதவைச் சாத்தினது யாரு? நீதானே?"

கயிற்றுக்காரன் எழுந்து நின்றுவிட்டான். "எப்பவும் நான்தாங்க. மேல போய்ப் பார்த்துட்டு, சாத்தித் தாழ்ப்பாள் போட்டுட்டு வருவேன். அன்னிக்குத் திடீர்னு அலை தூக்கிடுச்சு, கயித்தை விட முடியலை. ஒரு பயணிதான் ஒத்தாசை பண்ணார். 'நான் கண்டக்டர்ப்பா, கடைசி ஆளை இறக்காம நான் இறங்கவே மாட்டேன். மேல யாருமில்லை, நானே சாத்திட்டேன், ரைட் போலாம்'னார். ரொம்ப நல்ல மனுஷங்க. நேத்துலேருந்து ஒவ்வொரு ட்ரிப்புக்கும் தவறாம வர்றார். கலங்கரை விளக்கம்னா அவ்வளவு உசிராம்." அவன் கையை நீட்டினான். "பின்னாடி உக்காந்திருக்காரே, அவர்தான்."

படகே திரும்பிப் பார்த்தது.

துணிப்பைக்காரர் அசையவில்லை.

"எல்லாரும் கை ஆட்டினோம்" என்றாள் அண்ணி மெதுவாக. "அவர் மட்டும் கையை மடியிலேருந்து எடுக்கலை. ஆனா கண்ணை மேலேருந்து இறக்கவும் இல்லை. தெரியாத ஆள் கை ஆட்டினா ஒண்ணு நாமளும் ஆட்டுவோம், இல்லைன்னா வேற பக்கம் பார்ப்போம். ஆட்டாம உத்துப் பார்த்துக்கிட்டே இருக்கிறது, மேல இருக்கிறது யாருன்னு தெரிஞ்ச ஆள்தான்."

பட்டாசு வாயைத் திறந்தான். அதற்குள் படகு கோபுரத்தின் முன்பக்கம் வந்துவிட்டது.

நடையில் யாரும் நிற்கவில்லை.

வெள்ளைத் துணி கம்பியில் சிக்கிக் காற்றில் படபடத்தது. அதற்குக் கீழே, கம்பிகளுக்கு நடுவில், ஒரு கை மட்டும் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் பின் பெஞ்சுக்காரர் எழுந்தார். இரண்டு விரல்களை வாயில் வைத்து நீளமாக ஒரு விசில் அடித்தார். பேருந்தை நிறுத்துகிற விசில். படகோட்டி திடுக்கிட்டு வேகத்தைக் குறைத்தார். "நிறுத்துங்க! ஆள் இருக்குது! மேல ஆள் இருக்குது!" என்று கண்டக்டர் கத்தினார். மடியிலிருந்த பை விழுந்து வாய் பிளந்தது. ஒரு தண்ணீர் பாட்டில் உருண்டது. அதன் பின்னால் மாத்திரை அட்டைகள் சறுக்கிக்கொண்டு வந்து பட்டாசின் காலடியில் நின்றன.

அவன் குனிந்து பாட்டிலையும் அட்டைகளையும் எடுத்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டான். "பெட்டியைக் காலி பண்ணது நீங்கதானா?"

"படகு இறங்கும், ஓடிப்போய்க் கொடுத்துடலாம்னு... ஒவ்வொரு ட்ரிப்பும்..." கண்டக்டர் அழ ஆரம்பித்தார். "ஒரு மணி நேரம் பயந்து கிடக்கட்டும்னுதான் தாழ்ப்பாளைப் போட்டேன். அடுத்த படகுல கூட்டிட்டு வந்துடுவாங்கன்னு நெனைச்சேன். அடுத்த படகு இறங்கவே இல்லை."

"ஜாக்கெட்?" என்றாள் அண்ணி.

"அவனோடதையும் நானே கொண்டாந்து கொடுத்தேன். ஒண்ணு குறைஞ்சா உடனே கேப்பாங்கல்ல."

"எதுக்குப் பயப்படணும் அவன்?"

கண்டக்டர் விழுந்த பையை எடுத்து மடித்தார்.

"அவன் அக்கா எதுக்குக் கையை மூடி உடுத்துறாளோ, அதுக்கா?"

கண்டக்டர் தலையைக் குனிந்துகொண்டார். "இன்னொரு தடவை அக்காமேல கை வெச்சா நான் கூட்டிட்டுப் போயிடுவேன்னான். என் வீட்டுல இருந்துக்கிட்டு, என் முகத்துக்கு நேரா."

"அன்னிக்குச் சாயந்தரமே கரையில சொல்லியிருக்கலாமே. யாரும் உங்க வாயைத் தைக்கலையே."

"சொன்னா ஜெயிலு மேடம். நேத்துக் காலையில வந்து பார்த்தேன், நின்னுக்கிட்டு இருந்தான். சரி, இன்னிக்கு அலை குறைஞ்சுடும்னு நெனைச்சேன். மத்தியானம் பார்த்தேன், நின்னுக்கிட்டு இருந்தான். அவன் நிக்கிற வரைக்கும், அடுத்த ட்ரிப்புல சொல்லிக்கலாம், அடுத்த ட்ரிப்புல சொல்லிக்கலாம்னு..."

பட்டாசுக்கு அவரை அறைய வேண்டும் போல இருந்தது. அழுகிற ஆளை எப்படி அறைவது என்றும் தெரியவில்லை.

அண்ணி படகோட்டியிடம் போய்விட்டிருந்தாள். அவர் தலையை ஆட்டினார். "படியில அலை அடிக்குது பாருங்கம்மா. படகு உடைஞ்சா இத்தனை பேரும் தண்ணியில. கரைக்குச் சொல்லிட்டேன், மீட்புப் படகு கிளம்புது."

"அது வர்றதுக்குள்ள அவன் புரண்டு கம்பிக்கு வெளியே விழுந்தா? வலிப்பு வந்த உடம்பு சொன்ன இடத்துலயா கிடக்கும்?"

படகோட்டி மேலே பார்த்தார். தொங்கிய கை ஒருமுறை துள்ளி அடங்கியது. அவர் சக்கரத்தைத் திருப்பினார். "அலை மறைவு பக்கமா ஒட்டுறேன். நிறுத்த மாட்டேன். குதிக்கிறவன் ஒரே தடவையில குதிக்கணும்."

கயிற்றுக்காரன் முதலில் குதித்தான். அடுத்து கண்டக்டர். "தம்பி, நீ வேண்டாம்" என்று அண்ணி சொல்லி முடிப்பதற்குள், தரையில் மட்டும் ஓடும் மூளையை யோசிக்க விடாமல் பட்டாசும் குதித்துவிட்டான். முழங்கால் கல்லில் இடித்தது. ஒரு அலை கழுத்துவரை ஏறி, இறங்கும்போது அவனையும் சேர்த்து இழுத்தது. கயிற்றுக்காரன் ஜாக்கெட்டின் வாரைப் பிடித்துத் தூக்கினான்.

இரும்புக் கதவின் தாழ்ப்பாள் துருவேறிக் கிடந்தது. கண்டக்டர் ஒரு கையால் இழுத்தார், நகரவில்லை. இரண்டு கைகளாலும் பிடித்து, காலைச் சுவரில் உதைத்து இழுத்த பிறகு கிறீச்சென்று வந்தது. கதவின் உட்பக்கத்தில், கை எட்டும் உயரத்தில், பெயின்ட் பெயர்ந்திருந்தது. கீழே ஒரு செருப்பு கிடந்தது. குதிகால் பிய்ந்து போயிருந்தது. எதனால் கதவைத் தட்டினான் என்று யாரும் கேட்கவில்லை.

படிக்கட்டு சுற்றிச் சுற்றிப் போனது. பட்டாசு ஜாக்கெட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஏறினான்.

கடிகாரக்காரன் நடையில் ஒருக்களித்துக் கிடந்தான். பட்டாசு நினைத்ததைவிடச் சின்னவன். வாயோரம் ரத்தம் கசிந்து காய்ந்திருந்தது. மார்பு ஏறி இறங்கியது. பட்டாசு அவனைக் கம்பியை விட்டு உள்ளே இழுத்து, தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டான். வெகுநேரம் கழித்துக் கண் திறந்தது. உதட்டில் தண்ணீர் பட்டதும் பாட்டிலைக் கடித்துப் பிடித்துக்கொண்டான்.

கண்டக்டர் மாத்திரைக்காகப் பட்டாசிடம் கையை நீட்டினார். "நான் கொடுக்கிறேன். எப்ப எதைக் கொடுக்கணும்னு எனக்குத் தெரியும்."

அந்தக் குரலைக் கேட்டதும் மடியில் கிடந்த உடம்பு சுருங்கியது. நகர்ந்து போக இடமில்லாத நடையில் அவன் பட்டாசின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு பின்னால் நகரப் பார்த்தான்.

"நீங்க கீழே போங்க" என்றான் பட்டாசு. "எதைன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க."

மீட்புப் படகு வந்து பாறையில் இருந்தவர்களை ஏற்றிக்கொண்டது; அண்ணியும் சுற்றுலாப் படகிலிருந்து அதற்கு மாறிக்கொண்டாள். கடிகாரக்காரனைக் கம்பளியில் சுற்றி நடுவில் படுக்க வைத்தார்கள். அண்ணி அவன் தலைமாட்டில் உட்கார்ந்து நெற்றியைத் துடைத்தாள். கண்டக்டர் எதிரில், முழங்கால்களைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கதவை யார் சாத்தினதுப்பா?" என்று கேட்டாள். அவளுக்குத் தெரிந்த பதில்தான். அவன் வாயால் வர வேண்டும்.

அவன் வானத்தைப் பார்த்தான். பிறகு எதிரில் இருந்தவரைப் பார்த்தான். கடித்துக்கொண்ட நாக்கு வீங்கியிருந்ததால் சொற்கள் குழறின.

"காத்து மேடம். காத்துல சாத்திக்கிச்சு."

கண்டக்டர் தலையை நிமிர்த்தினார். நம்ப முடியாத முகம். தப்பித்தோம் என்ற சந்தோஷம் அதில் எட்டிப் பார்த்ததைப் பட்டாசு கவனித்தான். அந்த அழுகைக்காக இரக்கப்பட்டது தப்பு என்று அப்போது தோன்றியது.

பட்டாசு அண்ணியின் காதருகே குனிந்தான். "எதுக்கு இவன் பொய் சொல்றான்?"

"அவனுக்கு மாத்திரை வாங்கிக் கொடுக்கிறதும் அந்த வீடுதான், அவன் அக்கா குடியிருக்கிறதும் அந்த வீடுதான். அது இடிஞ்சுடக் கூடாதுன்னு பார்க்கிறான்." அவள் கம்பளியின் ஓரத்தைச் செருகிவிட்டாள். "கம்பெனியில இருந்தப்போ எத்தனையோ பொய்யைக் கிழிச்சுப் போட்டிருக்கேன் தம்பி. இதை எப்படிக் கிழிக்கிறதுன்னு தெரியலை."

அண்ணி அனுப்பிய சேதி கிடைத்து, துறையில் தையல்காரி காத்திருந்தாள். படகு கட்டுவதற்கு முன்பே ஓடி வந்தாள். தம்பியின் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நாக்கை நீட்டச் சொன்னாள். கம்பளியை இழுத்து மூடினாள். "எருமை, எருமை" என்று திட்டிக்கொண்டே அழுதாள். பிறகுதான் பின்னால் நின்ற புருஷனைப் பார்த்தாள். அவர் உடுப்பு கடல் தண்ணீரில் நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"காத்துல கதவு சாத்திக்கிச்சுக்கா" என்றான் தம்பி அவசரமாக. "மாமாதான் வந்து திறந்தாரு."

"ஆமாம்மா" என்றார் கண்டக்டர். "நல்லவேளை, நான் போனேன்."

டிக்கெட்காரர், விளக்கக்காரர், ஜனம் எல்லோரும் சுற்றி நின்றார்கள். தையல்காரி அண்ணியிடம் வந்தாள்.

"நீங்க சொல்லுங்க மேடம். காத்தா?"

தம்பியின் கண்கள் அண்ணியைக் கெஞ்சின.

"உங்க தம்பி காத்துன்னு சொல்றார்" என்றாள் அண்ணி. "நான் பார்த்ததையும் கேட்டதையும் சொல்றேன். தாழ்ப்பாள் கதவுக்கு வெளிப்பக்கம் இருக்கு. துருப்பிடிச்சது. அதை இழுக்க உங்க வீட்டுக்காரருக்கு ரெண்டு கை வேண்டியிருந்துச்சாம். மாத்திரை அவர் பையில இருந்துச்சு. அவ்வளவுதாம்மா."

தையல்காரி புருஷனைப் பார்த்தாள். துணியை வெட்டுவதற்கு முன் ஒருமுறை அளவு பார்ப்பது போல, தலையிலிருந்து கால்வரை. அவர் கண்கள் துறையின் பலகைத் தளத்தை விட்டு எழவில்லை. அவள் குரலை உயர்த்தவில்லை, அழுகையும் நின்றுபோயிருந்தது.

"சரிங்க மேடம். அது காத்தாவே இருக்கட்டும். அந்தக் காத்துக்கிட்ட ஒண்ணு சொல்லிடுங்க. இனிமே எங்க வீட்டுக் கதவு அதுக்குத் திறக்காது."

"அக்கா, அது வந்து..."

"பேசாம நட. மெதுவா. என் தோளைப் பிடிச்சுக்கோ."

இருவரும் பலகையில் அடிமேல் அடி வைத்து நடந்தார்கள். கூட்டம் விலகி வழி விட்டது. கண்டக்டரும் பழக்கத்தில் பின்னாலேயே ஓரடி எடுத்து வைத்தார். அண்ணி அவருக்குக் குறுக்கே வந்து நின்றாள்.

"நீங்க அந்தப் பக்கம் இல்லை. எங்ககூட ஸ்டேஷனுக்கு வாங்க."